இதய எம்.ஆர்.ஐ.யில் தெரியும் தழும்பு: எக்கோவும் ஆஞ்சியோகிராமும் எடுத்த பிறகும் இது தேவையா?

சித்திரைப்பூ (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 66 வயது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். 2016ஆம் ஆண்டு வலது இதயத் தமனியில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு மார்வலி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சென்ற மாதம் கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்ததால் எக்கோ எடுத்தோம். இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன், அதாவது ஈ.எஃப்., 32 விழுக்காடுதான் என்றும், முன்சுவரும் நுனிப்பகுதியும் சரியாக அசையவில்லை என்றும் அதில் வந்தது. பின்னர் எடுத்த ஆஞ்சியோகிராமில் இடது முன் தமனி முழுவதுமாக அடைபட்டிருப்பதும், மற்ற இரண்டிலும் குறிப்பிடத்தக்க அடைப்பு இருப்பதும் தெரிந்தன.

பைபாஸ் பற்றிப் பேசிய இதயநோய் மருத்துவர், எவ்வளவு தசை தழும்பாகிவிட்டது, எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று இதய எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அசையாத தசை செத்த தசைதானே, அதை எக்கோவே காட்டிவிட்டதே என்பது என் முதல் ஐயம். மார்வலியே வராத ஒருவருக்குத் தழும்பு எப்படி வரும் என்பது இன்னொன்று. தந்தையின் கிரியாட்டினின் 1.7, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 43 என்று அறிக்கையில் இருக்கிறது. இந்த நிலையில் எம்.ஆர்.ஐ.க்கு ஊசி வழியாக மருந்து செலுத்துவது பாதுகாப்பானதா? உடலுக்குள் ஸ்டென்ட் வேறு இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கருப்புவெள்ளை:

நான் கதிரியக்கத் துறை மருத்துவன், இதய எம்.ஆர்.ஐ. படங்களை வாசிப்பது என் அன்றாடப் பணி. உங்கள் தந்தையின் கோப்பைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அசையாத தசை எல்லாம் செத்த தசை அல்ல. இந்தப் பரிசோதனையின் பயனே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. இரத்தம் போதாமல் நெடுங்காலம் தவிக்கும் இதயத் தசை, இறந்துபோவதற்குப் பதிலாகத் தன் வேலையை நிறுத்திக்கொண்டு உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்வதுண்டு. உறக்க நிலையில் உள்ள இந்தத் தசையும் எக்கோவில் அசையாது, தழும்பும் அசையாது. சுவர் மிகவும் மெலிந்து பளிச்சென்று இருந்தால் எக்கோ பார்ப்பவர் தழும்பு என்று ஊகிக்கலாம். ஆனால் எக்கோ காட்டுவது அசைவையே தவிரத் திசுவின் தன்மையை அல்ல. ஆஞ்சியோகிராமோ குழாயை மட்டும் காட்டுகிறது. குழாய்க்கு அப்பால் இருக்கும் தசையின் கதி அதில் தெரியாது.

எம்.ஆர்.ஐ.யில் தழும்பைக் காட்டுவது காடோலினியம் கலந்த ஊசி மருந்து. இம்மருந்து உயிருள்ள செல்லுக்குள் புகாது. செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் மட்டும் பரவும். நலமான இதயத் தசையில் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் அந்த இடைவெளி குறைவு, ஏறத்தாழ கால் பங்குதான். தழும்பில் தசைச் செல்கள் போய் அந்த இடத்தைக் கொலாஜன் நார்கள் பிடித்திருப்பதால் இடைவெளி மிகுதி. மருந்து அதிகம் தங்கும், மெதுவாகத்தான் வடியும். மழை விட்ட சிறிது நேரத்தில் மேட்டு நிலம் வடிந்துவிட, பள்ளத்தில் மட்டும் நீர் நிற்பதைப் போன்றது இது. அதனால்தான் ஊசி போட்டவுடன் படம் எடுக்காமல் பத்து முதல் இருபது நிமிடம் காத்திருந்து எடுக்கிறோம். அறிக்கையில் ‘லேட் காடோலினியம் என்ஹான்ஸ்மென்ட்’ என்று வரும் சொல்லில் உள்ள ‘லேட்’ இந்தக் காத்திருப்பைத்தான் குறிக்கிறது. நலமான தசை கருப்பாகத் தெரியும்படி எந்திரத்தைச் சரிசெய்துகொண்டு படம் எடுத்தால், தழும்பு வெள்ளையாக எழுந்து நிற்கும்.

அந்த வெள்ளை எங்கே இருக்கிறது, சுவரின் கனத்தில் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்பதே நாங்கள் படிக்கும் செய்தி. தமனி அடைபட்டால் இதயச் சுவர் உட்புறத்திலிருந்துதான் சாகத் தொடங்கும். நேரம் ஆக ஆக அந்த அழிவு அலைபோல வெளிப்புறம் நோக்கிப் பரவும். நாய்களில் இதை ரெய்மர், ஜென்னிங்ஸ் ஆகியோர் 1970களிலேயே காட்டினார்கள். ஆகவே மாரடைப்பின் தழும்பு எப்போதும் உட்சுவரைத் தொட்டுக்கொண்டும், ஏதேனும் ஒரு தமனியின் எல்லைக்குள் அடங்கியும் இருக்கும். அந்த ஆழம் எதிர்காலத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை 2000ஆம் ஆண்டு ரேமண்ட் கிம் குழுவினர் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. அசைவு குறைந்திருந்த பகுதிகளில், தழும்பே இல்லாதவற்றில் 78 விழுக்காடு, இரத்த ஓட்டத்தைச் சீராக்கிய பின் மீண்டும் நன்றாக அசைந்தன. சுவரின் கால் பங்கிலிருந்து பாதி வரை தழும்பு இருந்தால் அது 42 விழுக்காடாகக் குறைந்தது. முக்கால் பங்குக்கு மேல் தழும்பு இருந்த 58 பகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. கலந்துகொண்டவர்கள் ஐம்பது பேர்தான். ஆயினும் ஒவ்வொரு படியாக இறங்கிய அந்தக் கணக்கு இன்றும் எங்கள் அறிக்கைகளின் அடித்தளமாக இருக்கிறது.

வலி இல்லாமல் தழும்பு வருமா என்று கேட்டீர்கள். வரும், சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாகவே வரும். ஐஸ்லாந்தில் 67 முதல் 93 வயது வரையுள்ள 936 பேருக்கு இதய எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. மாரடைப்பு வந்தது தெரிந்தவர்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு. வந்ததே தெரியாமல் தழும்போடு நடமாடியவர்கள் 17 விழுக்காடு. அந்த அறியப்படாத மாரடைப்புகளில் பெரும்பாலானவற்றை ஈ.சி.ஜி. காட்டவில்லை. உங்கள் தந்தைக்கு ஈ.சி.ஜி.யிலேயே தெரிந்தது ஒரு வகையில் நல்லூழ்.

சிறுநீரகம் பற்றி: கவலைக்குக் காரணம் உண்டு, ஆனால் உங்கள் தந்தையின் நிலையில் அது பெரிதல்ல. தனிக் காடோலினியம் நச்சு உலோகம். அதை ஒரு மூலக்கூறுக் கூட்டுக்குள் அடைத்துத்தான் செலுத்துகிறோம். கூடு தளர்வாக இருந்த பழைய வகை மருந்துகள், சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களிடம் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோயை உண்டாக்கின. இந்தத் தொடர்பு 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. காடோபியூட்ரால், காடோடெரேட் போன்ற வளைய வடிவ மருந்துகளில் கூடு உறுதியானது. அந்த நோய் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனவர்களிடமும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும்தான் நாங்கள் இருமுறை யோசிக்கிறோம். 43 இருப்பவருக்கு வளைய வகை மருந்து தடையல்ல. எந்த மருந்து போடப் போகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

காந்த_அறை:

மருத்துவர் மேலே சொன்னதை விட்டுவிட்டு, அறைக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன். பல ஆண்டுகளாக எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பப் பணியில் இருக்கிறேன்.

ஸ்டென்ட் ஒரு தடையே அல்ல. இதயத்தில் வைக்கும் ஸ்டென்டுகளும், இன்று பயன்பாட்டில் உள்ள செயற்கை வால்வுகளும் காந்தத்துக்குள் வரலாம். பேஸ்மேக்கர் இருந்தால் அதன் மாதிரியைப் பார்த்து முன்னேற்பாடு செய்ய வேண்டும். மூளை இரத்தக்குழாயில் போட்ட பழைய கிளிப், கண்ணுக்குள் புகுந்த இரும்புத்தூள், காதுக்குள் வைத்த கருவி ஆகியவற்றைத்தான் நாங்கள் துருவித் துருவிக் கேட்போம். உங்கள் தந்தை வெல்டிங், கடைசல் போன்ற வேலை பார்த்தவராக இருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தபோது தந்த அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மொத்தம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டுகளை ஒட்டுவோம், இதயத் துடிப்போடு இணைத்துத்தான் படம் எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பதினைந்து வினாடி மூச்சை அடக்க வேண்டும், அதுவும் மூச்சை வெளியே விட்ட பிறகு. ஈ.எஃப். குறைந்தவர்களுக்கு இதுதான் கடினம். தந்தையை வீட்டில் ஒரு வாரம் பழகச் சொல்லுங்கள்: சாதாரணமாக மூச்சை விட்டுவிட்டு, மனத்துக்குள் பன்னிரண்டு வரை எண்ணட்டும். முடியவில்லை என்றால் அதை எங்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுருக்கமாக எடுக்கும் முறைகளும் இருக்கின்றன. சிரமப்பட்டு அடக்கி, பாதியில் மூச்சு விட்டால் படம் கலங்கிவிடும். கலங்கிய படத்தில் மெல்லிய தழும்பு மறைந்துபோகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நலமான தசையைக் கருப்பாக்குவது’ என்று மருத்துவர் ஒரே வரியில் சொன்ன வேலை எங்கள் கையில் இருக்கிறது. அதற்குரிய கணம் ஆளுக்கு ஆள் மாறும். ஊசி போட்ட பிறகு நிமிடத்துக்கு நிமிடமும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு முன்னோட்டப் படம் எடுத்து, எந்திரம் ஒரு ரேடியோ அலைத் துடிப்பைத் தந்த பிறகு தசை சரியாக இருண்டுபோகும் அந்தக் கணத்தை, பெரும்பாலும் 200 முதல் 350 மில்லி வினாடிக்குள், கண்ணால் தேர்ந்தெடுக்கிறோம். தவறாகத் தேர்ந்தெடுத்தால் எல்லாமே சாம்பல் நிறமாகிவிடும். இப்போதைய எந்திரங்களில் இந்தத் தவறைப் பெருமளவு ஈடுசெய்யும் முறை இருக்கிறது என்றாலும், இதய எம்.ஆர்.ஐ. அடிக்கடி எடுக்கும் இடத்தில் எடுப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். மூட்டுக்கும் முதுகுக்கும் எடுப்பதைப் போன்ற வேலை அல்ல இது.

தந்தை சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவராக இருந்தால், அதைக் காடோலினியத்துக்காக நிறுத்தத் தேவையில்லை. ஆஞ்சியோகிராமுக்குப் போடும் அயோடின் மருந்தோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மூன்றாம்படி:

என் அனுபவம் சற்று வேறு வகை. ஆனாலும் ‘தழும்பு’ என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுவோருக்கு உதவலாம். எனக்கு 31 வயதில் காய்ச்சல் வந்து தணிந்த ஒரு வாரத்தில் கடுமையான மார்வலி வந்தது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் உயர்ந்திருந்தது, ஆஞ்சியோகிராம் முற்றிலும் சுத்தமாக இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைக் கோடு தெரிந்தது, ஆனால் உட்சுவரில் அல்ல. பக்கவாட்டுச் சுவரின் வெளி ஓரத்தில். அந்த இடத்தை வைத்தே இது மாரடைப்பு அல்ல, இதயத் தசை அழற்சி என்று மருத்துவர் உறுதி செய்தார். ஆறு மாதம் ஓட்டமும் உடற்பயிற்சியும் கூடாது என்றார்கள். மறுபடி எடுத்தபோது வெண்மை வெகுவாகச் சுருங்கி, ஒரு மெல்லிய கீற்று மட்டும் எஞ்சியிருந்தது. தொடக்கத்தில் வெளுத்துத் தெரிவதில் வீக்கமும் சேர்ந்திருக்கும் என்பதால் அத்தனையும் நிலையான தழும்பு அல்ல என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனவே அறிக்கை வந்ததும் ‘தழும்பு இருக்கிறதா’ என்பதோடு நிறுத்தாமல், எந்த அடுக்கில் என்று பாருங்கள்.

சித்திரைப்பூ:

மூவருக்கும் நன்றி. பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். தந்தை மூச்சுப் பயிற்சி செய்துவிட்டே சென்றார். படம் தெளிவாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். காடோபியூட்ரால்தான் போட்டார்கள்.

அறிக்கையின் சாரம் இது. ஈ.எஃப். 30 விழுக்காடு. இதயச் சுவரைப் பிரித்துப் பார்க்கும் பதினேழு பகுதிகளில், நுனியும் நுனியை ஒட்டிய முன்சுவரும் இடைச்சுவரும் ஆக மூன்று பகுதிகளில் தழும்பு முக்கால் பங்குக்கு மேல். நடுமட்டத்தில் முன்சுவர், முன் இடைச்சுவர் ஆகிய இரண்டில் கால் பங்கு முதல் பாதி வரை. கீழ்ச்சுவரில் இரண்டு பகுதிகளில் கால் பங்குக்கும் குறைவு. மற்ற பத்தில் தழும்பு இல்லை. இதுவரை நீங்கள் சொன்னதை வைத்துப் புரிந்துகொண்டேன். ஆனால் நுனியில் 9 மில்லிமீட்டர் அளவில் இரத்தக் கட்டி இருக்கிறது என்று கடைசியில் எழுதியிருக்கிறார்கள். எக்கோவில் இது வரவே இல்லை. இது எப்படி?

கருப்புவெள்ளை:

இரத்தக் கட்டிக்குள் இரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே காடோலினியம் அதற்குள் போவதில்லை. தழும்பு வெளுத்தும், அறையில் ஓடும் இரத்தம் ஓரளவு வெளுத்தும் தெரியும்போது, கட்டி மட்டும் கரிய பொட்டாக நிற்கும். நெடுநேரம் பொறுத்து எடுக்கும் ஒரு தனிப் படத்தில் அதை இன்னும் உறுதிப்படுத்தலாம். எக்கோவில் நுனிப்பகுதி கருவிக்கு மிக அருகில் விழுவதால் அங்கே படம் பனிமூட்டம் போல இருக்கும். சிறிய, சுவரோடு ஒட்டிய கட்டி அதில் தப்பிவிடுவது வழக்கம்தான். எக்கோ எடுத்தவரைக் குறை சொல்ல வேண்டாம்.

இந்த ஒரு வரிதான் உங்கள் அறிக்கையில் மிகவும் அவசரமானது. அசையாத தழும்பின் மேல் இரத்தம் தேங்கி உறைந்து உருவான கட்டி, அங்கிருந்து பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அறிக்கை கையில் கிடைத்த அன்றே உங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்கு முன் தெரிவியுங்கள். உறைவைத் தடுக்கும் மருந்தை எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்; ஸ்டென்டுக்காக ஆஸ்பிரினும் எடுத்துக்கொண்டிருப்பார் என்பதால் அது கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை.

மற்றபடி படம் நம்பிக்கை தருவதாகவே எனக்குப் படுகிறது. மூன்று பகுதிகள் மீள வாய்ப்பில்லை. ஆனால் மூன்று பகுதித் தழும்பு மட்டும் ஈ.எஃப்.ஐ 30க்கு இறக்கியிருக்காது; தழும்பே இல்லாத பத்துப் பகுதிகளிலும் சில உறக்க நிலையில் இருக்கின்றன என்று கொள்ள இடமுண்டு.

நாடித்துடிப்பு:

இதயநோய் மருத்துவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். மேலே சொல்லப்பட்ட கிம் ஆய்வு சுவர் மீண்டும் அசையுமா என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. நோயாளி நீண்ட நாள் வாழ்வாரா என்ற கேள்விக்கு அல்ல. இரண்டும் ஒன்றென்று நாங்களே நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

ஈ.எஃப். 35 அல்லது அதற்கும் கீழே உள்ள 1,212 பேரைக் கொண்ட ஸ்டிச் ஆய்வில், பத்தாண்டுத் தொடர்ச்சியில் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 58.9 விழுக்காட்டினரும், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 66.1 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். பைபாஸுக்குப் பலன் உண்டு என்பது தெளிவு. ஆனால் அவர்களில் உயிருள்ள தசை எவ்வளவு என்று சோதித்த 601 பேரைத் தனியே பார்த்தபோது, அது மிகுதியாக இருந்தவர்களுக்குத்தான் பைபாஸ் கூடுதலாக உதவியது என்று காட்ட முடியவில்லை. அங்கே பயன்பட்டவை அணு மருத்துவப் படமும் மருந்தூட்டிய எக்கோவுமே, எம்.ஆர்.ஐ. அல்ல என்ற மறுப்பு நியாயமானதுதான். 2022இல் பிரிட்டனிலிருந்து வெளியான ரிவைவ்டு ஆய்விலோ பெரும்பாலானோருக்கு எம்.ஆர்.ஐ.யே எடுக்கப்பட்டது. உயிருள்ள தசை இருப்பதாக உறுதி செய்யப்பட்ட 700 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தும், மரணமோ இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை: ஸ்டென்ட் வைத்தவர்களில் 37.2, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 38.0 விழுக்காடு. அதே நோயாளிகளின் படங்களைப் பின்னர் அலசியபோது, மொத்தத் தழும்பு கூடக் கூட எதிர்காலம் மோசமாக இருந்தது. உயிருள்ள தசையின் அளவுக்கு அப்படி ஒரு தொடர்பு காணப்படவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: எம்.ஆர்.ஐ.யை ‘பைபாஸ் செய்யலாம், கூடாது’ என்று தீர்ப்புச் சொல்லும் கருவியாகப் பார்க்கக் கூடாது. மூன்று தமனிகளிலும் அடைப்பு, சர்க்கரை நோய், குறைந்த ஈ.எஃப். ஆகிய மூன்றும் சேர்ந்த உங்கள் தந்தைக்குப் பைபாஸை நோக்கிய வாதம் இந்தப் படத்துக்கு முன்பே வலுவாக இருந்தது. படம் அதைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான். சிறுநீரகமும் உடல் வலுவும் அறுவையைத் தாங்குமா என்பது அதே அளவு முக்கியம். கட்டி கரைந்த பிறகு அறுவையா, அறுவையின்போதே அதை எடுப்பதா என்பதை அறுவை மருத்துவரோடு அமர்ந்து பேச வேண்டும்.

தழும்பு இன்னொரு வகையிலும் பேசும். அதன் ஓரங்களில் செத்த நார்களுக்கிடையே சிக்கிய உயிருள்ள இழைகள் வழியாக மின்னோட்டம் சுற்றிச் சுழன்று, உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பை உண்டாக்கலாம். ஆகவே பைபாஸுக்குப் பின் மருந்துகளை முழு அளவில் எடுத்து, மூன்று மாதம் கழித்து ஈ.எஃப். பார்க்கும்போது அது 35க்கு மேல் ஏறாவிட்டால், அதிர்வு தந்து காப்பாற்றும் ஐ.சி.டி. கருவி பற்றிக் கேட்பார்கள். அந்தப் பேச்சு திடீரென வந்ததாக நினைக்காமல் இருக்க இப்போதே சொல்லி வைக்கிறேன்.

சித்திரைப்பூ:

மருத்துவரிடம் அன்று மாலையே தெரிவித்துவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து உறைவுத் தடுப்பு மருந்து தொடங்கியாயிற்று. கண்புரை அறுவையைத் தள்ளிவைத்திருக்கிறோம். வரும் வியாழக்கிழமை இதயநோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் எடுத்துச் செல்ல வேண்டுமா, அறிக்கை மட்டும் போதுமா?

காந்த_அறை:

குறுந்தகட்டைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். இன்னொரு நகல் போட்டு வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி கரைந்ததா என்று சில மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது, பழைய படத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். எடுக்கும் இடம் மாறினால் எந்த மருந்து, எத்தனை மில்லி செலுத்தினார்கள் என்பதையும் குறித்துக் கொடுங்கள்.